ஆறு நிறைய ஆழி, பறியில் கைப்பிடி இறால்

எண்ணூர் முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் காலுக்குச் சேறு தட்டுப்பட வேண்டும். சில இடங்களில் தட்டுப்படுவது ஓடு. விரல் நீளத்துக்குள் அடங்கும் சிப்பிகள், கறுப்பும் பழுப்புமாக, நூல் நூலாக எதையோ விட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஆற்றடியில் பாய் விரித்த மாதிரி கிடக்கின்றன. ஒரு கொத்தைப் பிய்த்துத் தூக்கினால் அடியில் கறுத்த சேறும் அழுகல் நாற்றமும்தான்.

அங்கே கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், பல்லில் கடித்திருந்த பறிக் கூடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கைய வுட்டுப் பாரு தம்பி. தரையே இல்ல. எறா எங்க பூந்து படுக்கும்?" விட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் பிளேடு கீறினாற்போல ஒரு கோடு விழுந்தது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. பறிக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு கைப்பிடி இறால். காலையிலிருந்து தண்ணீரில் நின்றதற்கு அவ்வளவுதான்.

அந்தச் சிப்பிக்கு இங்கே பெயர் காக்கா ஆழி. அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடலோரம். சரக்கில்லாமல் கிளம்பும் கப்பல் தள்ளாடாமல் இருப்பதற்காக வயிற்றில் கடல்தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்துக்கு வந்ததும் அதைக் கொட்டிவிடும். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் மிதந்து வரும். காக்கா ஆழியும் இப்படியோ, கப்பலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வடசென்னைக் கரையில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் இருக்கும்போது வேறு வழியைத் தேடவும் வேண்டியதில்லை. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் இதே சிப்பி பரவியிருக்கிறது. கப்பல்கள் இப்படிக் கொட்டும் தண்ணீரைக் கட்டுப்படுத்த 2004-ல் எழுதப்பட்ட உலக ஒப்பந்தம் 2017-ல்தான் நடைமுறைக்கே வந்தது.

இப்போது ஒரு கேள்வி. இந்த ஆற்றடியில் ஒரு சதுர அடியை வெட்டியெடுத்து, அதில் இருக்கும் உயிரையெல்லாம் தராசில் போட்டால், முன்பைவிட எடை கூடுமா குறையுமா? கூடத்தான் செய்யும். அப்படியானால் ஆறு செழித்திருக்கிறது என்றா அர்த்தம்? பல்லுயிர் இழப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனசில் வருவது வெறும் பொட்டல். ஆனால் பல நேரம் அது பொட்டலாக வருவதில்லை; ஒரே உயிர் எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்வதாகத்தான் வருகிறது.

காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு விசைப்படகில் கூடை கூடையாக ஒரே மீன் இறங்குகிறது. பக்கத்தில் ஓர் அம்மா ஒரே ஒரு கூடையில் சங்கரா, கிழங்கான், காரப்பொடி, நெத்திலி, கடம்பா, இரண்டு நண்டு என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எடை படகில் இறங்கியதில்தான் அதிகம். வகை அந்த அம்மாவின் கூடையில் அதிகம். பல்லுயிர் என்பது அந்தக் கூடை. அதற்குள் இன்னும் ஒரு அடுக்கு இருக்கிறது: ஒரே வகை மீனுக்குள்ளேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மரபணுவில் உள்ள வித்தியாசம். வெளியே ஓர் அடுக்கு: இவை வாழும் இடங்கள், அதாவது கழிமுகம், சேற்றுத் திட்டு, அலையாத்திக் காடு, உப்பங்கழி. மூன்றையும் சேர்த்துத்தான் பல்லுயிர் என்கிறோம். இனம் என்பது, தங்களுக்குள் கூடி, வம்சம் வளர்க்கக்கூடிய குட்டியை ஈனும் கூட்டம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்குகள் ஏராளம், ஆரம்பத்துக்கு இது போதும்.

தப்பிக்கும் வழிகள்

ஓர் இனம் வாழும் இடம் கெட்டுப்போகிறது. தண்ணீர் சூடாகிறது, அல்லது விஷமாகிறது, அல்லது ஒரு புது எதிரி வந்து உட்காருகிறான். அந்த இனத்துக்கு முன்னால் அதிக வழிகள் இல்லை. வேறிடம் போகலாம். இருக்கிற உடம்பை வைத்துச் சமாளிக்கலாம். தலைமுறை தலைமுறையாக மாறலாம். எங்காவது ஒரு மூலையில் ஒளிந்து, கெட்ட காலம் கழியும்வரை காத்திருக்கலாம்.

போவது மீனுக்குச் சுலபம். மத்தி மீன் ஒரு காலத்தில் கேரளம், கர்நாடகம் என்று மேற்குக் கரைக்காரர்களின் சொத்து. கடல் சூடேறியதோடு சேர்ந்து அது வடக்கேயும், கன்னியாகுமரி முனையைச் சுற்றிக் கிழக்கேயும் பரவியதை கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். மட்டிக்கு இந்த வசதி இல்லை. குஞ்சாக மிதக்கும் கொஞ்ச நாள்தான் அதற்குப் பயணக் காலம். எங்கே இறங்குகிறதோ அங்கேயேதான் வாழ்வும் சாவும். அலையாத்தி மரத்தின் விதையும் மிதந்து போகும். கடல் மட்டம் ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்துகொள்ளும். உள்ளே நகர இடம் இருந்தால். எண்ணூர்ப் பக்கம் உள்ளே இருப்பது சாலை, மதில், சாம்பல் மேடு.

சமாளிப்பதில் கழிமுகத்து உயிர்கள் கெட்டிக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து ஆறு நல்ல தண்ணீராகும். சித்திரையில் கடல்நீர் ஏறி உப்புக் கரிக்கும். இரண்டையும் தாங்குகிற உடம்புதான் இங்கே பிழைக்கும். நிலைமை சரியில்லை என்றால் மட்டி ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருக்கும். ஆனால் எவ்வளவு நேரம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து பக்கிங்காம் கால்வாயிலும் இந்த ஆற்றிலும் படிந்தபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். ஓட்டை மூடிக்கொண்டிருந்த மட்டியை யாரும் படம் எடுக்கவில்லை.

மூன்றாவது வழி, அதாவது மாறுவது, பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. "சூழலுக்கு ஏற்ப உயிரினம் தன்னை மாற்றிக்கொண்டது" என்று பாடப்புத்தக நடையில் சொல்லிவிடுகிறோம். எந்த மீனும் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. மிக்ஜாம் வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் தரைத்தளம் முழுதும் முங்கியது. மாடி இருந்தவர்கள் மேலே ஏறித் தப்பித்தார்கள், பக்கத்து வீட்டாரையும் ஏற்றிக்கொண்டார்கள். தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு யாரும் மாடி கட்டவில்லை. வாடகைக்கு விடவோ, பையனுக்குக் கல்யாணம் ஆனால் ஆகும் என்றோ எப்போதோ கட்டி வைத்திருந்தது, வெள்ளத்துக்கு உதவியது. பரிணாமமும் அப்படித்தான். ஒரு கூட்டத்துக்குள் சில உயிர்களிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு சிறு வித்தியாசம் இருக்கிறது. சாதாரண நாளில் அதற்கு மதிப்பே இல்லை. கெட்ட காலம் வந்ததும் மற்றவை சாகின்றன, இவை பிழைக்கின்றன, இவற்றின் பிள்ளைகளால் அடுத்த தலைமுறை நிரம்புகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் உள்ள கில்லிஃபிஷ் என்ற சின்ன மீன். வர்ஜீனியாவின் எலிசபெத் ஆறு மாதிரி, தொழிற்சாலைக் கழிவு பல பத்தாண்டுகள் கொட்டிய கழிமுகங்களில் அது உயிரோடு இருக்கிறது. சாதாரண கில்லிஃபிஷ்ஷைக் கொல்லும் அளவைப்போல 8,000 மடங்கு வரை விஷத்தை அந்த இடங்களில் உள்ளவை தாங்குவதை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்றுக்கொன்று தூரத்தில் இருந்த நான்கு கழிமுகங்களிலும் தனித்தனியாக இது நடந்திருக்கிறது. எப்படி? கூட்டம் பெரிது, அதற்குள் மரபணு வேறுபாடு ஏராளம், தலைமுறைக்கும் தலைமுறைக்கும் இடைவெளி குறைவு. மாடி வீடுகள் நிறைய இருந்த தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்போ எண்ணூர் மீனும் பழகிக்கொள்ளும் என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லியும் கேட்டிருக்கிறேன். கில்லிஃபிஷ் வெற்றி பெற்ற அதே தண்ணீரில் தோற்றுக் காணாமல் போனவற்றின் பட்டியலை யாரும் கதையாகச் சொல்வதில்லை என்பதுதான் அதற்குப் பதில். பத்துப் பன்னிரண்டு வருடம் வளர்ந்தபின் முட்டையிடும் ஆமைக்கோ, வருடத்துக்குச் சில குட்டிகளே போடும் சுறாவுக்கோ இந்த வேகம் வராது.

மாடியே இல்லாத தெருவும் உண்டு. ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மிகச் சிலவாகக் குறைந்து, பிறகு அந்தச் சிலவற்றிலிருந்தே பெருகி வந்தவை. 1980களில் ஒன்றின் தோலை எடுத்து, உறவே இல்லாத இன்னொன்றின் உடம்பில் ஒட்டிப் பார்த்தார்கள். உடம்பு அதை அந்நியத் தோல் என்று உடனே ஒதுக்கித் தள்ளவில்லை. அவ்வளவு ஒரே மாதிரி. ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தலாம். இந்தியாவின் சொந்தச் சிவிங்கிப்புலி 1952-ல் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் கொண்டுவந்து விட்டவை ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவை.

அரியலூர்க் கல் சொல்வது

நான்காவது வழியான ஒளிந்து காத்திருப்பதற்குச் சாட்சி நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கலாம். சென்னையில் கட்டடத்துக்கு வரும் சிமெண்டில் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும் உண்டு. அந்தக் கல், டைனோசர் காலத்தில் அங்கே இருந்த கடலின் அடிமண். வெட்டும்போது அம்மோனைட் என்ற உயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கும்: ஆட்டுக்கொம்பு சுருண்ட மாதிரி ஓடு, உள்ளே கணவாயின் உறவுக்காரன். முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் உலகக் கடல்களை நிறைத்த கூட்டம் அது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பத்துக் கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேல் அகலமான விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோவில் விழுந்தது. கிளம்பிய தூசியும் புகையும் வெயிலை மறைத்தன. செடி வாடியது, கடலின் மேல்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்கள் மடிந்தன, அவற்றைத் தின்றவை பட்டினி கிடந்தன. உயிரினங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி போயின. அம்மோனைட்டும் போயிற்று. ஆனால் அதன் தூரத்துச் சொந்தமான நாட்டிலஸ் பிழைத்தது, இன்றும் இருக்கிறது.

இரண்டுக்கும் ஓடு ஒரே மாதிரிதான். வித்தியாசம் குஞ்சில் இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அம்மோனைட் சின்னச் சின்ன முட்டைகளை ஏராளமாக இட்டது. பொடிக் குஞ்சுகள் மேல்பரப்பில் மிதந்து அங்கே கிடைத்ததைத் தின்றன. நல்ல காலத்தில் இது அமோகமான உத்தி. மேல்பரப்பு செத்த வருடத்தில் ஒரு குஞ்சும் தேறாது. நாட்டிலஸ் சில பெரிய முட்டைகளை இடும். குஞ்சு கையோடு சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாற்போல மஞ்சள் கருவோடு வெளியே வரும், ஆழத்தில் வாழும், செத்ததைத் தின்றும் காலம் தள்ளும். முதலை, ஆமை, பொந்துக்குள் பதுங்கிய சின்னப் பாலூட்டிகள், தரையில் திரிந்த பறவைகள் என்று அன்று தப்பித்தவை எல்லாவற்றிலும் இந்தச் சாயல் கொஞ்சம் இருக்கிறது: உடம்பு சிறிது, அல்லது தேவை குறைவு, கிடைத்ததைத் தின்னும் வாய், ஒளிய ஓர் இடம். வலிமை என்று ஒன்று இந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்போது வலிமையானது டைனோசர்தான்.

கிடைத்ததைத் தின்னும் கூட்டத்தை வடசென்னையில் தேடிப் போக வேண்டாம். காக்கா, எலி, கரப்பான், மாடப்புறா. மண்ணடிக் கிடங்குகளிலும் கொத்தவால்சாவடியிலும் சிந்தும் தானியத்துக்குச் சிட்டுக்குருவியும் வரும். (குருவி அழிந்துவிட்டது என்று வருடா வருடம் மார்ச் மாதம் ஒரு அழுகை நடக்கிறது. சில நகரங்களின் நடுவே குறைந்தது உண்மை. நாடு முழுக்க எடுத்தால் அது ஏறக்குறைய நிலையாக இருப்பதாக 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை சொல்கிறது. அழவேண்டிய பறவைகள் வேறு இருக்கின்றன, அவற்றின் பெயர் நமக்குத் தெரியாது.)

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றுமா? வட அமெரிக்காவில் பயணிப் புறாக்கள் நூற்றுக்கணக்கான கோடி இருந்தன. கூட்டம் பறந்தால் பொழுது இருட்டும். சுட்டுத் தின்றார்கள், ரயிலில் ஏற்றி விற்றார்கள், காட்டை வெட்டினார்கள். கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1-ம் தேதி சின்சினாட்டி விலங்கியல் பூங்காவில் செத்தது. நம் பாக் நீரிணையில் மேயும் கடற்பசுவுக்கு வடக்கே ஓர் ஒன்றுவிட்ட சொந்தம் இருந்தது, ஸ்டெல்லர் கடற்பசு. 1741-ல் கப்பல்காரர்கள் அதைக் கண்டார்கள். 1768-க்குப் பிறகு யாரும் காணவில்லை. 27 வருடம்.

எப்படியும் எல்லாம் அழியத்தானே போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பூமியில் தோன்றிய இனங்களில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தவைதான், மறுக்கவில்லை. பிரச்சினை வேகம். கடந்த ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டால் இன்றைய வேகம் குறைந்தது பல பத்து மடங்கு முதல் பல நூறு மடங்கு வரை என்று 2019-ல் ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு சொன்னது. ஏறக்குறைய பத்து லட்சம் இனங்கள் ஆபத்தில் இருப்பதாகவும் அதே அறிக்கை கணித்தது. புது இனங்கள் தோன்றி இடத்தை நிரப்பாதா? நிரப்பும். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த, எல்லாவற்றிலும் கொடிய பேரழிவுக்குப் பிறகு உயிர் பழையபடி செழிக்கக் கிட்டத்தட்ட ஒரு கோடி ஆண்டுகள் ஆயின. காத்திருக்கத் தயார் என்றால் சரி.

ஒன்று போனால் என்ன ஆகும்

ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1960களில் ஒரு வேலை செய்தார். வாஷிங்டன் மாநிலக் கடலோரப் பாறை ஒன்றில் இருந்த நட்சத்திர மீன்களையெல்லாம் பிடுங்கிக் கடலுக்குள் வீசினார். திரும்ப வந்து ஒட்டிக்கொண்டால் திரும்பவும் பிடுங்கி வீசினார். பக்கத்துப் பாறையைத் தொடவில்லை. நட்சத்திர மீனின் சாப்பாடு சிப்பி. அது போனதும் சிப்பிகள் பரவி, மற்ற உயிர்களை நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த பாறையில் 8 மிஞ்சின. போகப் போகப் பாறையே சிப்பிப் போர்வை ஆனது. ஒரு கல் வளைவில் நடுவில் இருக்கும் உச்சிக்கல்லை உருவினால் மொத்தமும் சரியும் அல்லவா, அந்த மாதிரி, உச்சிக்கல் இனங்கள் என்று இவற்றுக்குப் பெயர் வைத்தார்.

எண்ணூர் ஆற்றடியை இப்போது மறுபடி பாருங்கள். காக்கா ஆழியை அதன் சொந்த ஊரில் தின்று மட்டுப்படுத்தும் எதிரிகள் எவையோ, அவை கப்பலில் கூட வரவில்லை. ஆக இது, நட்சத்திர மீனைப் பிடுங்கிய பாறை. இந்த ஆற்றின் சொந்த மட்டியான மஞ்ச மட்டி கிடந்த இடத்தை அது பிடித்தது. சேற்றில் புதைந்து பகலைக் கழிக்கும் இறாலுக்குப் புதைய இடமில்லை. சிப்பி தண்ணீரை வடிகட்டுமே, நல்லதுதானே என்று ஒருவர் கேட்டார். வடிகட்டும். வடிகட்டிய கசடை அங்கேயே கீழே தள்ளும், நூல்வலை அதைப் பிடித்து வைக்கும், அடியில் காற்றோட்டம் அற்றுப்போகும். முதல் பத்தியில் சொன்ன நாற்றம் அதுதான். ஆறு ஏற்கெனவே அனல்மின் சாம்பல், சுடுநீர், ஆலைக்கழிவு என்று பலவீனப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலகெங்கும் பதிவான அழிவுகளில் 60 சதவீதத்தில் அந்நிய இனங்களுக்கும் பங்குண்டு என்று மேற்சொன்ன குழுவின் 2023 அறிக்கை சொல்கிறது. பெரும்பாலும் கூட்டுக் களவாணியாகத்தான், தனியாக அல்ல.

கழுகின் கதை இதைவிட நேரடியானது. பிணந்தின்னிக் கழுகு, பாறு என்றும் சொல்வோம், இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பறவை. 1990களில் மாட்டுக்கு வலி நிவாரணியாக டைக்ளோஃபினாக் மலிவாகக் கிடைத்தது. அந்த மருந்து ஏறிய மாடு செத்தால், அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்தது. 1992-ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்தால் 2007-ல் அதில் ஒன்றுதான். மாட்டுக்கு அந்த மருந்தை 2006-ல் அரசு தடை செய்தது. அதற்குள் செத்த மாடுகள் வெட்டவெளியில் அழுகின, தண்ணீரில் கலந்தன, நாய்கள் பெருகின. பாறு இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024-ல் வந்த ஆய்வு ஒன்று, 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஏறக்குறைய 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் பருந்தும் உண்ணிக்கொக்கும் நாயும் போட்டி போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். சம்பளம் கேட்காத துப்புரவுப் பணியாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவர் செய்த வேலை அப்படியே தேங்கி நிற்கும். தமிழ்நாட்டில் பாறு இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிப் பளிச்சென்று தெரியாத விளைவும் ஒன்று உண்டு; கடலோரத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து விதமான வலை தொங்கும். நெத்திலி வராத மாதம் நண்டு வலை போகும், நண்டு ஏமாற்றினால் கிழங்கான், மழை விட்டால் ஆற்றில் இறாலும் மடவையும். எல்லாம் ஒரே வருடத்தில் பொய்ப்பதில்லை, ஏதோ ஒன்று அடுப்பை எரிய வைக்கும். வகை குறையக் குறைய வலைகள் மூலையில் சுருண்டு கிடக்கும். ஒரே மீனை நம்பிய குடும்பம், இருக்கிற காசையெல்லாம் ஒரே சீட்டில் போட்ட குடும்பம் மாதிரி. பழவேற்காட்டில் எந்த ஊருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக உண்டு. அந்தப் பங்கீடு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், பிரிக்க மீன் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

தண்டலும் ஞாபகமும்

இழப்பு உடனே கண்ணில் படாததற்குக் காரணம், அது கடனாகத் தொடங்குவதுதான். தண்டல் வாங்கிய அன்றைக்குக் கையில் காசு இருக்கும், வீட்டில் பிரியாணி கூட இருக்கும். வசூலுக்கு ஆள் வருவது பிறகு. சூழலியலில் இதற்கு அழிவுக் கடன் என்று பெயர். பங்குனி ஆமைகளை, அதாவது ஆலிவ் ரிட்லி ஆமைகளைப் பாருங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவலையில் மாட்டி மேலே வந்து மூச்சு விட முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். இந்த வருடமும் கரையில் குஞ்சுகள் ஓடும், படம் எடுப்போம். ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிதாவதே அபூர்வம் என்னும்போது, முட்டையிடும் வயதுத் தாய் ஒன்று போனதன் கணக்கு பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் வரும். போதாததற்கு, குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண்ணே பிறக்கும். எண்ணிப் பார்த்தால் குஞ்சுகள் நிறைய இருக்கும், ஆண் இருக்காது.

கடனை அடைக்கவும் வழிகள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பது அப்படி ஒன்று. இடத்தில் ஒளிய முடியாத மீனுக்கு, காலத்தில் ஒளிய ஒரு மூலை. கெட்டிக்கார உயிர்கள் தாமாகவே ஒளிந்து திரும்பி வந்ததும் உண்டு: ஆந்திராவின் ஜெர்டன் கல்குருவி 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போனது என்று எழுதிவிட்ட பிறகு, 1986-ல் கடப்பைப் பக்கம் புதர்க்காட்டில் அகப்பட்டது. ஆனால் அதை நம்பி உட்கார முடியாது.

கடைசியாக ஒன்று. கனடாவில் பணியாற்றிய மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-ல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் சின்ன வயதில் பார்த்த கடலையே முழுமையான கடல் என்று நினைத்துக்கொள்கிறது, இழப்பை அங்கிருந்துதான் அளக்கிறது. தாத்தாவின் கணக்கு அப்பாவுக்கு வருவதில்லை.

அன்றைக்கு அக்கா கரையேறியபோது அவருடைய பேரன் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு கொத்துக் காக்கா ஆழியைக் கல்லில் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருந்தான். ஆறு, ஏழு வயது இருக்கும். ஆத்துல என்னடா இருக்கும் என்று கேட்டேன்.

"ஆழி," என்றான்.

வேற?

கொஞ்சம் யோசித்தான். "ஆழிதாண்ணா. ஆத்துக்கு அடில ஆழிதான இருக்கும்?"

அக்கா பறியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவனிடம் இருந்த ஆழியைப் பிடுங்கித் தண்ணீரில் போடாமல் கரை மேட்டில் தூக்கி எறிந்தார்.